சைதாப்பேட்டைப் பாலத்தில் நின்ற கரி பஸ்

அல்லாஹ் எனக்குச் செய்ததை வெளியே சொல்லாமல் வைத்திருந்தால் இந்த வாய் எனக்கு எதற்கு? அதனால், ஏற்கெனவே கேட்டவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். புதிதாக வந்திருக்கும் பெண்மக்கள் கேளுங்கள்.

நான் ஜைனம்பு. வில்லியனூர் சுல்தான்பேட்டையில் மளிகைக் கடை வைத்திருக்கிறாரே, அவர் மனைவி. வாய்த்துடுக்கு என்று ஊரில் எனக்குப் பெயர். நான் அதை மறுத்ததில்லை.

சண்டைக் காலம் அது. பெட்ரோல் கிடைக்காமல் பஸ்களெல்லாம் கரி எரித்து அந்த வாயுவில் ஓடிக்கொண்டிருந்தன. நோன்புப் பெருநாள் முடிந்த அந்த வாரத்தில் என் மகள் ஹலீமா, நாலு வயசு, சீத்தாப்பழம் தின்றுகொண்டே ஓடியிருக்கிறாள். தடுக்கி விழுந்தாள். எழுந்தபோது அழவில்லை. முகம் கறுத்து, கண் பிதுங்கி, பிறகு எப்படியோ மூச்சு திரும்பிவிட்டது. ஆனால் மூச்சை இழுக்கும்போதெல்லாம் நெஞ்சுக்குள்ளிருந்து ‘கீ’ என்று ஒரு சத்தம். படுத்தால் அதிகமாகும். தோளில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்தால் கொஞ்சம் அடங்கும்.

மறுநாள் விடிந்ததுமே புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தார். கொட்டை மூச்சுக் குழாய்க்குள் போயிருக்கிறது என்றார். அதை எடுக்கிற கருவி இங்கே கிடையாது, மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள், உடனே போங்கள், ஈரத்தில் ஊறி உப்பினால் வழி முழுக்க அடைத்துவிடும் என்றார். தலைகீழாகப் பிடிக்காதீர்கள், முதுகில் தட்டாதீர்கள் என்றும் சொன்னார். அவர் நல்ல மனிதர். அந்தப் பேச்சைக் கேட்டுப் பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு வெளியே வந்தேன். பெற்ற பிள்ளைக்கு எது செய்தாலும் ஆபத்து, செய்யாவிட்டாலும் ஆபத்து என்றால் தாய் என்னதான் செய்வாள்?

ரயில் சாயங்காலம்தான். பஸ் காலையிலேயே கிளம்புகிறது என்றார்கள். அந்த பஸ்ஸில் ஏறினோம்.

இங்கேதான் நாங்கள் ஒரு காரியம் செய்தோம். எங்கள் வீட்டில் பெண்கள் பஸ் ஏறினால் கடைசி வரிசையில்தான் உட்காருவோம். பின்னால் ஆள் இருக்கமாட்டார்கள், முன்னால் ஒரு போர்வையைக் கட்டிவிட்டால் கோஷாவுக்குத் தோதாக இருக்கும். பெட்ரோல் பஸ் காலத்துப் பழக்கம். என் வீட்டுக்காரர், நான் மச்சான் என்றுதான் கூப்பிடுவேன், கண்டக்டரிடம் கேட்டுக் கடைசி வரிசையை வாங்கினார். மழை தூறிக்கொண்டிருந்ததால் ஜன்னல் கித்தானையும் இறக்கினார். போர்வையை இந்தக் கம்பியிலிருந்து அந்தக் கம்பிக்கு இழுத்து, கடையில் மூட்டை கட்டுகிற முடிச்சாகப் போட்டார். அவர் அந்தப் பக்கம் ஆண்களோடு உட்கார்ந்தார். கரி பஸ்ஸில் அடுப்பு பின்னால்தான் இருக்கும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது.

என் முதுகுக்குப் பின்னால் அந்த அடுப்பு. தகரம் கொதித்தது. பஸ் நின்ற இடத்திலெல்லாம் கரி போடுகிற ஆள் மூடியைத் திறந்து கம்பியால் குத்துவார். புகை என் பக்கம்தான் வரும். வேறு இடத்துக்கு மாறலாமென்றால் முன்னால் இடமே இல்லை. நடையில்கூட மூட்டையும் கூடையுமாக ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். நான் துப்பட்டியை மூடிக்கொண்டு, பிள்ளையை மார்போடு நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, அந்தத் துணிக் கூண்டுக்குள் உட்கார்ந்திருந்தேன்.

மேடு வந்தால் பஸ் ஏறாது. ஆண்கள் இறங்கித் தள்ளுவார்கள். திண்டிவனத்தில் ரொம்ப நேரம் நின்றது. எனக்குப் பொறுக்கவில்லை. கித்தானை விலக்கி, அடுப்பைக் குத்திக்கொண்டிருந்த அந்த நரைத்தலை மனிதரிடம் கத்திவிட்டேன்.

“யோவ், இங்க நெஞ்சடைச்ச புள்ள கீறா. புகைய அந்தாண்ட தள்ளக் கூடாதா?”

“காத்து எம் பேச்ச கேக்குமா, பாயம்மா?” என்றார் அவர். கோபமே இல்லாமல் சொன்னார். அதில் எனக்கு இன்னும் கோபம்.

வழி முழுக்க நான் துஆ கேட்டேன். எப்படிக் கேட்டேன் தெரியுமா? வேலைக்காரனுக்குச் சொல்வதைப்போல. ‘யா அல்லாஹ், மழையை நிறுத்து. பஸ்ஸை வேகமாக ஓட வை. புகையை நிறுத்து. பாதையைத் திற. ஆஸ்பத்திரி வாசலில் டாக்டரை நிற்க வை.’ ஒன்றுகூட நடக்கவில்லை. செங்கல்பட்டுக்கு அப்புறம் ஹலீமா தண்ணீர்கூடக் குடிக்க மறுத்தாள். நகக்கண் நீலமாகத் தெரிந்தது. நான் என்ன பாவம் செய்தேன் என்று கேட்டேன்.

மெட்ராஸ் வந்துவிட்டது என்று முன்னால் பேச்சு கேட்டது. எனக்கு உயிர் வந்தது. கொஞ்ச நேரத்தில் பஸ் நின்றது. நின்றது நின்றதுதான். சைதாப்பேட்டைப் பாலத்தில் பட்டாள லாரிகள், எங்கள் பக்கத்தில் சொல்தா லாரி என்போம், வரிசையாகப் போய்க்கொண்டிருக்கின்றன, மாட்டு வண்டிகளையும் பஸ்களையும் ஒரு பக்கமாக நிறுத்திவிட்டார்கள் என்று யாரோ சொன்னார்கள். முன்னால் வண்டி, பின்னால் வண்டி, பக்கத்தில் வண்டி. மாட்டுக் கழுத்து மணியும் ஹாரனும் காதைப் பிளந்தன. இத்தனை வண்டிகள் ஒரே இடத்தில் நின்று நான் கேட்டதில்லை. பார்க்கவில்லை, கேட்டேன். என் கண்ணுக்குத் தெரிந்தது போர்வை மட்டும்தான்.

மச்சான் போர்வைக்கு அந்தப் பக்கமிருந்து சொன்னார்: “சொல்தா லாரி முடியிற மாதிரி தெரியல, ஜைனம்பு. நான் பாலத்துக்கு அந்தாண்ட போயி ஜட்கா ஒண்ணு புடிச்சாரேன். புள்ளய நிமித்தியே வெச்சிரு.”

போய்விட்டார். மற்ற ஆண்களும் புழுக்கம் தாங்காமல் இறங்கினார்கள். பஸ்ஸில் நானும் பிள்ளையும் மூட்டைகளும்.

அப்போது ஹலீமாவின் ‘கீ’ சத்தம் நின்றுவிட்டது.

தூங்கிவிட்டாள் என்று ஒரு நொடி நினைத்தேன். முகத்தைத் திருப்பிப் பார்த்தேன். வாய் திறந்திருக்கிறது, கண் என்னையே பார்க்கிறது, நெஞ்சு ஏறவில்லை. அல்லாவே, அந்தக் கண்ணை நான் மறக்கமாட்டேன். எழுந்து போர்வை முடிச்சைப் பிடித்து இழுத்தேன். மூட்டை முடிச்சு, இழுக்க இழுக்க இறுகியது. மச்சான் என்று கத்தினேன். அந்தக் கூச்சலில் என் சத்தம் எனக்கே கேட்கவில்லை. அதே நேரம் பின்னால் அடுப்பு அணைகிறது போலும், அந்த மனிதர் மூடியைத் திறந்து கம்பியை விட்டுக் குத்தினார். காலையிலிருந்து வராத அளவுக்குப் புகை அப்போது வந்தது. கித்தானுக்கு அடியிலிருந்து குப்பென்று ஏறி அந்தக் கூண்டு முழுவதும் நிறைந்துவிட்டது. என் கை எனக்குத் தெரியவில்லை.

சரி, முடிந்தது என்று நினைத்தேன். கீழே உட்கார்ந்துவிட்டேன். பிள்ளையை மடியில் கவிழ்த்துக்கொண்டேன். எனக்கு அப்போது துஆ எதுவும் வாயில் வரவில்லை. இதை மட்டும் சொன்னேன்:

“உன் புள்ள. நீயே பாத்துக்கோ.”

என் மடியில் ஹலீமாவின் உடம்பு தூக்கிப் போட்டது. ஒரு இருமல். இரண்டு நாளாக வராத இருமல், அடிவயிற்றிலிருந்து வந்தது. இன்னொன்று. என் முழங்காலில் ஏதோ பட்டுக் கீழே விழுந்தது. அடுத்த நொடி அவள் வீறிட்டு அழுதாள். அவ்வளவு பெரிய அழுகையை அவள் பிறந்த அன்றுகூட நான் கேட்கவில்லை. நானும் அழுதேன். தரையைத் தடவினேன். கையில் வழவழவென்று கறுப்பாக, உப்பிப்போய், அந்தக் கொட்டை.

பின்னாலிருந்து அந்த மனிதர் பதறிப்போய்க் குரல் கொடுத்தார்: “புகை ஜாஸ்தியாயிடுச்சா, பாயம்மா? தோ மூடிடறேன்.”

காலையிலிருந்து அவரை நான் வாயால் வறுத்தெடுத்திருக்கிறேன். “நீ நல்லா இரு, அண்ணே” என்றேன். அவருக்கு ஒன்றும் புரிந்திருக்காது.

மச்சான் ஜட்காவோடு ஓடிவந்தவர், அழுகையைக் கேட்டதும் முடிச்சை அவிழ்க்கப் பொறுமையில்லாமல் போர்வையைக் கிழித்தார். நான் உள்ளங்கையை விரித்துக் காட்டினேன். அவர் மூட்டைகளுக்கு நடுவே அப்படியே நெற்றி தரையில் பட ஸஜ்தாவில் விழுந்தார். தொழுகிற திசை, கிப்லா, எந்தப் பக்கம் என்றுகூடப் பார்க்கவில்லை.

அதற்கப்புறமும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் இரண்டு பக்கமும் குழாய் வைத்துக் கேட்டு, நெஞ்சு சுத்தமாக இருக்கிறது என்றார். புகை இருமலைக் கிளப்பியிருக்கும், அதுவே வேறு மாதிரி ஆகியிருந்தால் பிள்ளை போயிருக்கும் என்றார். அவர் சொன்னது உண்மைதான். இதைக் கேட்டுவிட்டு யாரும் பிள்ளைக்குப் புகை காட்டிவிடாதீர்கள், டாக்டரிடம் ஓடுங்கள். மருந்து சொல்ல நான் வரவில்லை. எந்தப் புகையை நிறுத்து என்று நான் நாள் முழுக்க மன்றாடினேனோ, அதை அவன் நிறுத்தாமல் வைத்திருந்தான். அதைச் சொல்லத்தான் வந்தேன்.

அன்றிலிருந்து நான் துஆ கேட்கிற விதம் மாறிப்போனது. வாய்த்துடுக்கு போகவில்லை, அதை என்னோடு புதைக்கிறபோதுதான் போகும். ஆனால் கை ஏந்தினால், வேண்டியதைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்கிறேன். ஐந்து வேளைத் தொழுகையை விடுவதில்லை. ஹலீமா இப்போது ஓதப் போகிறாள், அவளை அடக்க முடியவில்லை என்று உஸ்தாத் தினமும் புகார் சொல்கிறார். நான் தலையை ஆட்டிவிட்டு வந்துவிடுகிறேன்.

பெண்மக்களே, உங்களில் யாராவது இன்று மூச்சு முட்டுகிற இடத்தில் மாட்டிக்கொண்டிருக்கலாம். முன்னாலும் போக முடியாது, பின்னாலும் போக முடியாது. அவனிடம் கேளுங்கள், அழுது கேளுங்கள், கோபித்துக்கொண்டும் கேளுங்கள். எப்படிக் கொடுக்க வேண்டும் என்று மட்டும் அவனுக்குச் சொல்லிக்கொடுக்காதீர்கள்.