எல்லோரிடமும் இருந்த வாத்து

மூன்றாம் வகுப்பு டீச்சருக்கு இருபத்தாறு வருடச் சர்வீஸ். அந்த இருபத்தாறு வருடத்தில் அவர் தலைமையாசிரியை அறைக்குத் தானாகப் போனது உண்டு. கூப்பிட்டுப் போனது கிடையாது. கூப்பிடும்படி அவர் எதுவும் செய்ததில்லை. மணி அடிப்பதற்குப் பத்து நிமிடம் முன்னால் வந்துவிடுவார். வருகைப் பதிவேட்டில் அடித்தல் திருத்தல் இருக்காது. அவருடைய வகுப்பிலிருந்து எந்தப் பெற்றோரும் சண்டைக்கு வந்ததில்லை. இப்படிப்பட்டவர்களை எந்தப் பள்ளிக்கூடத்திலும் யாரும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை. ஒருமுறை ஆசிரியர்களின் குழுப் படத்தையே அவரை விட்டுவிட்டு எடுத்துவிட்டார்கள். இரண்டு நாள் கழித்து அவரே போய்ச் சொன்ன பிறகுதான் மற்றவர்களுக்குத் தெரிந்தது.

மாடிப்படிக்குப் பக்கத்தில் ஒரு பலகை இருந்தது. ‘இம்மாத ஆசிரியர்’ என்று தலைப்பு, அதன் கீழே ஒரு போட்டோவுக்கு இடம். போன வருடம் அதில் பி.டி. சார் இரண்டு முறை இருந்தார். வருடக்கணக்காக இரண்டாவது மணிக்கு வந்துகொண்டிருந்த மனிதர், திடீரென்று ஒரு மாதம் முதல் மணிக்கு வந்தார். போட்டோவின் கீழே ‘நேரம் தவறாமை’ என்று எழுதி மாட்டினார்கள். அடுத்த மாதம் அவர் பழையபடி ஆனார். நான்கு மாதம் கழித்து மறுபடி திருந்தினார். மறுபடி போட்டோ.

இரண்டாவது போட்டோவைப் பார்த்த அன்று டீச்சர் வீட்டுக்குப் போய்க் கணவரிடம் பொரிந்து தள்ளினார். கணவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவர். எதிரில் இருப்பவர் ஒவ்வொரு ஃபிரேமாக மாட்டிப் பார்த்து முடிக்கும்வரை காத்திருந்தே பழகியவர்.

“இருபத்தஞ்சு வருஷமா நான் முதல் மணிக்குத்தான் போறேன். என் போட்டோ எங்கே?”

“நீ லேட்டாப் போயிருந்தாத்தானே, சீக்கிரம் வந்தேன்னு அவங்களுக்குத் தெரியும்?”

“இதெல்லாம் ஒரு பேச்சா?”

“நடக்கறதைச் சொன்னேம்மா.”

டீச்சர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. போட்டுக்கொண்டிருந்தால் பின்னால் நடந்தது எதுவும் நடந்திருக்காது.

இந்த வருடம் ஒரு வகுப்பறையின் கூரை ஒழுகியது. அதனால் மூன்றாம் வகுப்பின் இரண்டு பிரிவுகளையும் ஒன்றாக்கி டீச்சரின் தலையில் கட்டினார்கள். மொத்தம் நாற்பத்தேழு பிள்ளைகள். அவர்களுக்கும் நான்காம் வகுப்புக்கும் நடுவில் ஒரு மரத்தடுப்பு, அதுவும் ஆள் உயரம்தான். நான்காம் வகுப்பு டீச்சர் ஒரு ஸ்டூலில் ஏறித் தடுப்புக்கு மேல் தலையை நீட்டி, “நான் ஒன்பதாம் வாய்ப்பாடு நடத்தறேன், என் பிள்ளைங்க உங்க பாட்டைப் பாடுதுங்க” என்றார்.

அந்த நாற்பத்தேழில் நாற்பத்தாறு பேருக்குப் பட்டப்பெயர் உண்டு. பாதி டீச்சர் வைத்தது, பாதி பிள்ளைகளே வைத்துக்கொண்டது. வாயைத் திறந்தால் தெருமுனை வரை கேட்கும் பையனுக்கு சைரன். எதைச் சொன்னாலும் “ஏன் டீச்சர்?” என்று எழுந்து நிற்கும் பெண்ணுக்கு வக்கீல். எங்கே போனாலும் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு போகும் நான்கு பேருக்குச் சேர்த்து ரயில். பட்டப்பெயர் இல்லாதது ஒரே ஒரு பெண்ணுக்கு. நான்காவது வரிசை, சன்னலோரம். கையைக் கட்டு என்றால் கட்டுவாள், எழுது என்றால் எழுதுவாள். அவளுக்கு ஒரு பெயர் வைக்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. டீச்சருக்கும் தோன்றவில்லை.

இரண்டாவது மாதம் தலைமையாசிரியை டீச்சரைக் கூப்பிட்டனுப்பினார். இருபத்தாறு வருடத்தில் முதல் தடவை.

“அடுத்த மாசக் கடைசியில ஆய்வாளர் வர்றார். உங்க கிளாஸ் சத்தத்தைப் பத்தி அவர் ஒரு வரி எழுதிட்டாருன்னா, எனக்கு வேற வழியில்ல. கிளாஸைப் புதுசா வந்திருக்கிற பொண்ணுகிட்டக் கொடுத்துட்டு, உங்களை ஸ்டோர் ரூம் பொறுப்புல போட வேண்டியிருக்கும். தப்பா எடுத்துக்காதீங்க.”

ஸ்டோர் ரூமில் கால் உடைந்த பெஞ்சுகளும் சாக்பீஸ் பெட்டிகளும் அச்சை விட்டுக் கழன்ற ஒரு பூமி உருண்டையும் இருந்தன. டீச்சருக்கு அவற்றோடு ஒரு விரோதமும் இல்லை. ஆனால் எழுத்துக் கூட்டிப் படிக்கும் ஒரு பிள்ளை, ஒருநாள் தன்னை அறியாமல் கூட்டாமலே ஒரு முழு வரியைப் படித்துவிட்டு, தானே திடுக்கிட்டு நிமிர்ந்து பார்க்கும். அது மூன்றாம் வகுப்பில்தான் நடக்கும். அதைப் பார்ப்பதற்காகத்தான் இவர் இத்தனை வருடமாகப் பத்து நிமிடம் முன்னால் வந்துகொண்டிருக்கிறார். ஸ்டோர் ரூமில் அதைப் பார்க்க முடியாது.

அன்று மாலையே ஸ்டேஷனரிக் கடைக்குப் போனார். கட்டைவிரல் நகம் அளவுக்கு மிருக ரப்பர்கள் பை பையாகத் தொங்கின. யானை, ஒட்டகச்சிவிங்கி, திமிங்கிலம், நண்டு என்று இருபத்துநான்கு வகை.

“எந்தப் பையைப் பிரிச்சாலும் வாத்துதான் மேடம் கொட்டும்” என்றார் கடைக்காரர். “ஆமை மட்டும் அபூர்வம். பத்துப் பைக்கு ஒண்ணு இருந்தா அதிகம்.”

“அழிக்குமா?”

“எழுத்து அழியாது. தாள் கிழியும்.”

டீச்சர் பத்துப் பை வாங்கினார்.

மறுநாள் காலை சைரன் வழக்கம்போல் ஆரம்பித்தான். டீச்சர் திட்டவில்லை. ஒரு வாத்தை எடுத்து மேஜையின் மேல் வைத்து, “மணி அடிக்கிற வரைக்கும் சத்தம் போடாம இருந்தா இது உனக்கு” என்றார். சைரன் வாயை மூடினான். வீட்டுக்கு வந்தும் கத்தவில்லை, பிறந்ததிலிருந்து அவன் அவ்வளவு நேரம் வாயை மூடியிருந்ததில்லை என்று மாலையில் அவன் அம்மாவே வந்து சொன்னாள், காய்ச்சலோ என்று பயந்துபோய்.

இரண்டே வாரத்தில் வகுப்பு ஆளே மாறிவிட்டது. வக்கீல் கேள்வி கேட்பதை நிறுத்தியதற்கு ஒரு நண்டு. ரயில் தடம் மாறாமல் உட்கார்ந்ததற்கு நான்கு வாத்து. டீச்சர் ஒரு நோட்டுப் போட்டு, நாற்பத்தேழு பெயரையும் எழுதி, யாருக்கு எந்த மிருகம் என்று குறித்துக்கொண்டார். இடைவேளையில் மூன்று வாத்துக்கு ஓர் ஒட்டகச்சிவிங்கி என்று கைமாறியது. தகராறு வந்தால் வக்கீல் தீர்ப்புச் சொன்னாள். பத்துப் பையிலும் சேர்த்துக் கிடைத்த ஒரே ஆமை டீச்சரின் மேஜையில் டப்பாவுக்குள் இருந்தது. ஒரு வாரம் முழுக்க வாயைத் திறக்காதவருக்கு அது என்று அறிவிப்பு. நான்காம் வகுப்பு டீச்சர் மறுபடி ஸ்டூலில் ஏறிப் பார்த்து, “எல்லாம் வீட்டுக்குப் போயிருச்சோன்னு நினைச்சேன்” என்றார்.

ஒன்று மட்டும் டீச்சருக்குப் புரியவில்லை. காலையில் முதல் பத்து நிமிடம் வகுப்பு முன்னைவிட அதிகமாகக் கத்தியது. நாற்பத்தாறு பேரும் வரிசை போட்டுக்கொண்டு கத்துவதுபோல் இருக்கும். அப்புறம் ஒரேயடியாக ஓய்ந்துவிடும். காலைச் சாப்பாட்டுத் தெம்பு என்று விட்டுவிட்டார்.

ஆய்வாளர் வந்தார். ஒல்லியான மனிதர். கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தபோது முழங்கால் முகவாயைத் தொட்டது. தலைமையாசிரியை வாசலில் நின்றுகொண்டார். டீச்சர் பாடத்தை ஆரம்பித்தார். இருபது நிமிடம் குண்டூசி விழுந்தால் கேட்கும். சைரன் ஒரு பத்தியைக் காற்றுக்கும் கேட்காத குரலில் வாசித்தான். ஆய்வாளர் தலையை ஆட்டிக்கொண்டார்.

அப்போது நான்காவது வரிசையில் சன்னலோரப் பெண் எழுந்தாள். செருப்பைக் கழற்றி ஓரமாக ஜோடி சேர்த்து வைத்தாள். பெஞ்சின் மேல் ஏறி நின்றாள். “ஆ” என்று கத்தினாள். மூச்சு உள்ள வரைக்கும் ஒரே கத்தல். தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒன்பதாம் வாய்ப்பாடு பாதியில் நின்றுபோனது.

கத்தி முடித்ததும் இறங்கினாள். செருப்பைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து கையைக் கட்டினாள். பிறகு கட்டியதிலிருந்து ஒரு கையை மட்டும் எடுத்து டீச்சரை நோக்கி நீட்டினாள்.

“நிறுத்திட்டேன் டீச்சர்.”

தலைமையாசிரியையின் முகத்தில் ஈயாடவில்லை. ஆய்வாளர் பேனாவைத் திறந்தார்.

“என்ன இது?” என்று அவர் பொதுவாகக் கேட்டார்.

பதில் சொல்லச் சைரன் எழுந்தான். “முதல்ல கத்தணும் சார். அப்புறம் நிறுத்தணும். நிறுத்தினா ரப்பர் கிடைக்கும். சும்மாவே இருந்தா ஒண்ணும் கிடையாது.”

“யாரு சொன்னா?”

“யாரும் சொல்லல சார். எல்லாருக்கும் தெரியும்.”

தெரியாதது டீச்சர் ஒருவருக்குத்தான். மேஜையில் நோட்டு திறந்தே இருந்தது. ஐந்து வாரக் குறிப்பு. சைரனுக்கு இடம் போதாமல் பக்கத்து வரிசை வரை எழுதியிருந்தது. நடுவில் ஒரு வரிசையில் பெயர் மட்டும் இருந்தது, மற்றதெல்லாம் வெறும் தாள். ஐந்து வாரமும் வாயைத் திறக்காத பெண்ணுக்கு அந்த ஆமையைக் கொடுக்கவேண்டும் என்றுகூட இவருக்குத் தோன்றவில்லை. பி.டி. சார் போட்டோவைப் பார்த்து வயிறெரிந்தவர், அதே பலகையைத் தன் வகுப்பிலேயே மாட்டி வைத்திருந்திருக்கிறார். டீச்சருக்கு வெட்கமாக இருந்தது. ‘இவ எப்பவுமே இப்படித்தான் சார்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மூன்றாம் வகுப்பு கையில் நிற்கும். அந்த வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது.

“இவ தப்பு இல்ல சார்” என்றார் டீச்சர். “வந்த நாளிலிருந்து ஒரு தடவைகூட இவ சத்தம் போட்டதில்ல. அதனால நான் இவளைப் பாக்கவே இல்ல. தப்பு என்னோடது.”

நோட்டைக் கொண்டுபோய் ஆய்வாளரின் முழங்காலில் வைத்தார். டப்பாவை எடுத்துக்கொண்டு நான்காவது வரிசைக்குப் போனார்.

“எது வேணுமோ எடுத்துக்கோ. ஆமை வேணும்னாலும் எடுத்துக்கோ.”

நாற்பத்தாறு பேரும் மூச்சு விடவில்லை. அவள் டப்பாவுக்குள் விரலை விட்டு வெகுநேரம் தேடினாள். ஆமையை ஒதுக்கினாள். திமிங்கிலத்தை ஒதுக்கினாள். அடியிலிருந்து ஒரு வாத்தை எடுத்தாள்.

“போயும் போயும் வாத்தா?” என்று வக்கீலால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

“எல்லார்கிட்டயும் இருக்குல்ல” என்றாள் அவள்.

டீச்சருக்கு அழுகை வந்தது. ஏற்கெனவே சுத்தமாக இருந்த கரும்பலகையைத் திரும்பி நின்று இன்னொரு முறை துடைத்தார்.

அன்று வீட்டில், “ஸ்டோர் ரூம்ல ஃபேன் இருக்கான்னு கேட்டுக்கணும்” என்றார் டீச்சர். கணவர் டீயைத் தானே போட்டுக்கொண்டுவந்து கொடுத்தார்.

மறுநாள் டீச்சர் டப்பாவில் மிச்சம் இருந்ததை எல்லாம் எந்தக் காரணமும் சொல்லாமல் வரிசையாகக் கொடுத்துத் தீர்த்தார். ஆமை ரயிலின் கடைசிப் பெட்டிக்குப் போனது. சைரன் பழக்கதோஷத்தில் இரண்டு நாள் கத்திப் பார்த்தான். பிரயோஜனம் இல்லை என்று தெரிந்ததும், தேவைப்பட்டபோது மட்டும் கத்தினான். வகுப்பில் சத்தம் இருந்தது. கூரை பிய்ந்துபோகும் அளவுக்கு இல்லை. டீச்சர் தினமும் நான்காவது வரிசையிலிருந்து நோட்டுத் திருத்த ஆரம்பித்தார்.

மூன்று வாரம் கழித்து ஆய்வாளரின் அறிக்கை வந்தது. மூன்றாம் வகுப்பைப் பற்றி மூன்று வரி. ‘புகாருக்குரியதாக இருந்த வகுப்பில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம். ஒரே ஒரு கூச்சல். அதன் காரணத்தை ஆசிரியர் ஒளிக்கவில்லை.’ தலைமையாசிரியை முதல் வரியோடு படிப்பதை நிறுத்திக்கொண்டார். மறுநாள் மாடிப்படிப் பலகையில் டீச்சரின் போட்டோ இருந்தது. அடையாள அட்டையிலிருந்து எடுத்துப் பெரிதாக்கியது, ஒரு கண் பாதி மூடியிருந்தது. கீழே ‘வகுப்பு ஒழுங்கில் சிறந்த முன்னேற்றம்’ என்று எழுதியிருந்தது.

இருபத்தைந்து வருடம் ஒழுங்காக இருந்த வகுப்புக்குக் கிடைக்காதது, இரண்டு மாதம் கத்திவிட்டு அடங்கிய வகுப்புக்குக் கிடைத்துவிட்டது. டீச்சர் அதன் முன்னால் நின்று, சந்தோஷப்படுவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் யாரோ நிற்பதுபோல் இருந்தது. சன்னலோரப் பெண். பென்சில் டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போட்டோவை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

“டீச்சர், நீங்களும் கத்தினீங்களா?”

“இல்ல கண்ணு. நீங்க நாப்பத்தேழு பேரும் எனக்காகக் கத்தினீங்க.”

அவள் ஒரு விரலை நீட்டிக் காட்டினாள்.

“நான் ஒரே ஒரு தடவைதான் கத்தினேன் டீச்சர்.”

“ஆமா” என்றார் டீச்சர். “எனக்குக் கேட்டது அது ஒண்ணுதான்.”