அஞ்சலை லண்டன் சுற்றிய காரணம்

சேதி கொண்டுவந்தவர் ஒரு ரிக்‌ஷாக்காரர். நான் வேலை பார்க்கும் பங்களாவின் பின்வாசலில் நின்று, "அஞ்சலையம்மா விடியக்காலம் போயிட்டாங்க. உங்களைக் கையோட கூட்டியாரச் சொன்னாங்க" என்றார். அப்போது நான் குழந்தைக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தேன். ஆற்றிக்கொண்டே இருந்தேன். கஞ்சி சில்லிட்டுப் போன பிறகுதான் துரைசானியிடம் போய்ச் சொல்லிவிட்டு வரலாம் என்ற நினைப்பே எனக்கு வந்தது.

ரங்கூனில் பசுந்தாங் பேட்டையின் லயன் வீட்டில் அவளைக் கிடத்தியிருந்தார்கள். கூடியிருந்த பெண்களுக்கு அழுகையை விடப் பேச்சு அதிகம். அஞ்சலை லண்டன் ராஜாவைப் பார்த்தவளாம். ராஜா அவளுக்குக் கையசைத்தாராம். பூங்கா பூங்காவாகப் பொழுதைக் கழித்துவிட்டு வந்த மகராசியாம். சாவு வீடாயிற்றே என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். ஆனால் அவளை அறிந்த நீங்களாவது உள்ளதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அவள் ஊர் பார்க்க நடக்கவில்லை, ஊர் திரும்ப நடந்தாள். கூட நடந்தவள் நான். என் முழங்காலைக் கேட்டால் இன்றைக்கும் சொல்லும்.

எங்கள் பிழைப்பு தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. துரைமார் குடும்பம் சீமைக்குப் போகும்போது கப்பலில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆயா வேண்டும். கரை சேர்ந்ததும் அவள் வேண்டாம். ரங்கூனுக்குக் கப்பலேறும் வேறொரு குடும்பம் அமர்த்திக்கொண்டால்தான் அவள் திரும்ப முடியும். அதுவரைக்கும் லண்டனின் கீழைக் கோடியில் எங்களைப் போன்றவர்களுக்கென்று ஒரு விடுதி இருந்தது. ஜெர்மன் சண்டை முடிந்து சில வருஷங்கள் கழித்து நான் அங்கே போய்ச் சேர்ந்தபோது, கணப்படுப்பை ஒட்டிய இடத்தைப் பிடித்துக்கொண்டு அஞ்சலை உட்கார்ந்திருந்தாள். அந்த இடத்துக்காகத்தான் முதல் சண்டை போட்டோம். சிநேகம் பிறகு வந்தது.

அவள் புருஷன் ரங்கூனில் அலோன் என்ற இடத்துக் கப்பல்துறையில் மூட்டை தூக்கியவர், காய்ச்சலில் போய்விட்டார். நாலு வயது மகள் கமலத்தை நாத்தனார் காத்தாயியிடம் விட்டுவிட்டு, அதே வயதுள்ள ஜானி பாபாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு கப்பலேறினாள் அஞ்சலை. ஜானி, துரையின் மகன். பிறந்ததிலிருந்து அவள் கையில் வளர்ந்தவன். அவனுக்கு முதலில் வந்த பேச்சே தமிழ்தான். லண்டனில் ஒரு வெள்ளைக்கார நர்ஸம்மாளிடம் அவனை ஒப்படைத்துவிட்டு, துரைசானி இவளை விடுதி வாசலில் இறக்கிவிட்டுப் போனாள். இலை உதிர்கிற பருவத்தில்தான் ரங்கூன் குடும்பங்கள் கப்பலேறும். அதைத் தவறவிட்டால் குளிர்காலம் முழுக்க அங்கேயே கிடக்க வேண்டியதுதான். அவள் கவலை அது ஒன்றுதான்.

விடுதியில் உட்கார்ந்தே இருந்தால் யார் வந்து கூப்பிடுவார்கள்? வந்த துரைசானிகளும் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும்தான் ஆள் கேட்டார்கள். ஒரு நாள் காலையில் அஞ்சலை எழுந்து மேல்கோட்டை மாட்டிக்கொண்டாள். துரைசானிகள் நம் தெருவுக்கு வரமாட்டார்கள், அவர்கள் பிள்ளைகள் விளையாடுகிற இடத்துக்கு நாம் போய் நிற்போம் என்றாள். அந்த இடம் மேற்குக் கோடியில் இருக்கிறது, போய்த் திரும்பவே பொழுது சாய்ந்துவிடும் என்றேன். இங்கே உட்கார்ந்திருந்தாலும் பொழுது சாயத்தானே செய்கிறது என்றாள்.

வழி எங்களுக்கு எங்கே தெரியும்? ஆற்றை விடாமல் நட என்பது அவள் கணக்கு. ஆற்றோரம் ஒரு பழைய கோட்டை, அதை ஒட்டி இரண்டாகப் பிளந்து கப்பலுக்கு வழிவிடும் பாலம். இதைப் போல் ஒன்றைப் பசுந்தாங் ஓடையில் கட்டினால் நம் சனங்கள் அக்கரைக்கே போகாமல் அதை வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்பார்கள் என்று சிரித்தாள். அப்புறம் அண்டாவைக் கவிழ்த்த மாதிரி கூரையுள்ள பெரிய மாதாகோயில். அப்புறம் ஆற்றங்கரைச் சாலை, மணிக்கூண்டு, அரண்மனை. உலகமே பார்க்க ஏங்கும் இடங்கள் எல்லாம் எங்களுக்கு இளைப்பாறும் கல்லும் படிக்கட்டுமாகத்தான் இருந்தன. அரண்மனை வாசலில் கரடித்தோல் தொப்பிக்காரர்களைப் பார்க்கக் கூட்டம் முண்டியது. அஞ்சலை அவர்களுக்கு முதுகைக் காட்டி நின்றாள். குழந்தைகளின் தள்ளுவண்டிகள் எந்தப் பக்கம் போகின்றன என்று பார்த்துக்கொண்டிருந்தாள். தள்ளுவண்டி போகிற திசையில் போனால் பூங்கா வரும், பூங்காவில் துரைசானி இருப்பாள். இப்படித்தான் அந்தப் பட்டணத்தின் பூங்காக்கள் ஒவ்வொன்றாக எங்களுக்குப் பழக்கமாயின. ராஜா கையசைத்த கதை எந்த வாயில் முளைத்ததோ, எனக்குத் தெரியாது.

ஆயா என்று தூரத்திலிருந்தே தெரிய வேண்டும் என்பதற்காக இருவரும் வெள்ளைப் புடவைதான் உடுத்துவோம். எனக்கு அது வேலைக்கான உடுப்பு, புருஷனை இழந்த அவளுக்கு அதுவே விதியும் ஆயிற்று. இங்கே யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை பார் என்று ஒரு தடவை சொன்னாள். அவள் தன் துக்கத்தைப் பற்றிப் பேசியது அவ்வளவுதான்.

கூழைக்கடாக்கள் நீந்தும் ஏரி ஒன்று அரண்மனைக்குப் பக்கத்துப் பூங்காவில் உண்டு. அங்கே கரையோரம் போட்டிருந்த நாற்காலிகளில் ஜம்பமாக உட்கார்ந்தோம். தோளில் பை தொங்க ஓர் ஆள் வந்து காசு கேட்டான். நாற்காலிக்கு வாடகையாம். நான் துள்ளி எழுந்துவிட்டேன். அஞ்சலை மெல்ல எழுந்து, புல்தரை இலவசமா என்று கையாலேயே கேட்டு, அவன் தலையசைத்ததும் அங்கேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் குழந்தைகள் நாற்காலிகளை விட்டுவிட்டு அவளைச் சுற்றிப் புல்லில் உட்கார்ந்தன. ஒன்றையும் அவள் கூப்பிடவில்லை. "புள்ளைங்களைக் கூப்பிடக் கூடாது செல்லம்மா. பக்கத்துல இருக்கணும், அவ்வளவுதான்" என்றாள். வேலைக்காரியின் சாமர்த்தியம் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அவளே அதை மறந்த நாள் ஒன்று வந்தது. பெரிய பூங்காவுக்கு அப்பால் வட்டமான ஒரு குளம், பிள்ளைகள் அதில் பொம்மைப் படகு விடுவார்கள். படகும் கையுமாகக் கரையில் நின்றான் ஜானி பாபா. ஆள் வளர்ந்திருந்தான். அஞ்சலை நின்ற இடத்திலேயே, "ராசா" என்று கூப்பிட்டுவிட்டாள். அவன் திரும்பிப் பார்த்தான். முழுசாகப் பார்த்தான். பிறகு நர்ஸம்மாளின் பாவாடைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். அந்த அம்மாள் நல்லவள்தான். வணக்கம் சொல்லு என்று பையனை முன்னால் தள்ளினாள். அவன் இங்கிலீஷில் சொன்னான், யாரோ ஒருத்திக்குச் சொல்வதுபோல. ஆறு மாசம் ஆகியிருக்கும் அவனை விட்டு. தமிழில் கனவு கண்டு பிதற்றிய பிள்ளை அது.

திரும்பும் வழியில் மணிக்கூண்டைத் தாண்டி ஆற்றங்கரைப் பலகையில் உட்கார்ந்தோம். ஜானிக்காக அழுகிறாள் என்று நினைத்து, போகட்டும், அது வெள்ளைக்காரப் பிள்ளை, நம்மோடு ஒட்டுமா என்று என் வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"அவனுக்காக இல்ல" என்றாள். "கமலத்துக்கும் அதே வயசுதானே."

கீழே தண்ணீர் கருப்பாக ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாளிலிருந்து அவள் வேறு ஆள். கண்ணில் பட நின்றது போதும் என்று, துரைசானிகளிடம் நேரே போய், "மேடம் ரங்கூன்?" என்று கேட்க ஆரம்பித்தாள். எனக்கு மானம் போயிற்று. மூக்கைச் சுளித்தவர்கள் உண்டு, போலீஸ்காரனைத் தேடியவர்கள் உண்டு. மரங்கள் மொட்டையாகிக்கொண்டிருந்தன. பூங்காவில் கூட்டம் குறைந்துகொண்டே வந்தது. அவள் மட்டும் விடியும் முன்பே கோட்டை மாட்டிக்கொண்டு நின்றாள். மழையிலும் நடந்தோம். இருமிக்கொண்டும் நடந்தோம். கடைசியில் அந்தக் கூழைக்கடா ஏரிக்கரையில், கத்தும் குழந்தையோடு திண்டாடிக்கொண்டிருந்த ஒருத்தி ஆமாம், ரங்கூன் என்றாள். புருஷனுக்கு ரயிலில் உத்தியோகமாம். அஞ்சலை உடனே என்னை இழுத்து முன்னால் நிறுத்தி, "டூ ஆயா, மேடம்?" என்றாள். அதே கப்பலில் போகவிருந்த அந்தத் துரைசானியின் தோழி என்னை எடுத்துக்கொண்டாள். இல்லாவிட்டால் நான் குளிர்காலம் முழுக்க அங்கேதான் கிடந்திருப்பேன். அந்த நன்றி எனக்கு என்றைக்கும் உண்டு.

கப்பல் ரங்கூன் துறையை அணைந்தபோது காத்தாயி கமலத்தோடு வந்து நின்றாள். அஞ்சலை இறங்கி வந்தாள். கமலம் அத்தையின் புடவைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். படகுக் குளத்தங்கரையில் பார்த்ததேதான், ஒரு மாற்றமும் இல்லை. தெருப்பிள்ளைகளோடு விளையாடிப் பழகிய பர்மியப் பேச்சில் அத்தையிடம், "டா பெதூலே?" என்றாள். இது யார் என்று கேட்கிறாள்.

அஞ்சலை கூப்பிடவில்லை, கையை நீட்டவில்லை. பெட்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து காத்தாயியிடம் அரிசி என்ன விலை, மழை எப்படி என்று விசாரிக்க ஆரம்பித்தாள். குரல் நடுங்கியது. ஆனாலும் விசாரித்தாள். கொஞ்ச நேரம் கழித்துப் பிள்ளை வெளியே வந்து பெட்டியின் பூட்டைத் தொட்டுப் பார்த்தது.

காத்தாயிக்குப் பிள்ளை இல்லை. கமலம் அவளைத்தான் அம்மா என்றாள். தினமும் ஆற்றில் கப்பலைக் காட்டி, உன் அம்மா இதில்தான் வருவாள் என்று காத்தாயி சொல்லி வைத்திருந்தாள். அதனால் வந்தவளுக்குக் 'கப்பலம்மா' என்று பிள்ளையே பேர் வைத்துவிட்டது. கமலத்தை அங்கிருந்து பிரிக்க அஞ்சலைக்கு மனம் வரவில்லை. பக்கத்து அறையை வாடகைக்குப் பிடித்தாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் மூன்று பேருமாக ரங்கூன் ஏரிக்கரைக்கு நடப்பார்கள். முதலில் கமலம் அத்தையின் விரலைப் பிடித்துக்கொண்டு முன்னால் போவாள், அஞ்சலை பின்னால் வருவாள். அடுத்த மழைக்காலத்தில் நான் பார்த்தபோது பிள்ளை நடுவில் நடந்தது. பிளக்கும் பாலத்தைப் பற்றியும், நாற்காலிக்கு வாடகை கேட்கும் ஊரைப் பற்றியும் கப்பலம்மா சொல்லிக்கொண்டே வருவாள். நீங்கள் கேட்ட லண்டன் கதைகளெல்லாம் அந்தப் பிள்ளைக்காகச் சொன்னவைதான்.

கப்பலம்மா என்று கமலம் எங்கிருந்து கூப்பிட்டாலும், "என்னம்மா ராசாத்தி" என்று உடனே பதில் வரும். எனக்குத்தான் எரியும். எனக்கும் நாகப்பட்டினத்தில் ஒரு மகன் இருக்கிறான், அக்காள் வளர்க்கிறாள். அவளுக்கு அவன் வைத்த பேர் அம்மா, எனக்குச் சின்னம்மா. ஊருக்குப் போனபோதெல்லாம் அவன் அப்படிக் கூப்பிட்டால் எனக்குக் காது கேட்கும், வாய் வராது. அந்த ஆத்திரத்தில் ஒரு நாள் கமலத்தை நிறுத்தி, பெற்றவளை ஒழுங்காக அம்மா என்று கூப்பிடு என்று அதட்டிவிட்டேன். பிள்ளை விழித்தது. அஞ்சலை என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"அதை மிரட்டாத செல்லம்மா. அம்மாங்கற பேரு காத்தாயி சோறு ஊட்டிச் சம்பாதிச்சது. எனக்கு அதுவா மனசுலேர்ந்து ஒரு பேரு குடுத்திருக்கு. நான் பதில் சொல்லலேன்னா அதுவும் போயிடும்."

சாவன்று அந்தப் பேருக்கு ஒரு சோதனை வந்தது. தூக்குகிற நேரம் நெருங்கியது. பதினோரு வயதுக் கமலம் அழாமல் சுவரோரம் நின்றாள். பெண்கள் அவளை இழுத்துவந்து கால்மாட்டில் உட்காரவைத்தார்கள். ஒரு கிழவி, "முறை சொல்லி அழுடி. அம்மான்னு சொல்லு. இன்னைக்காவது சொல்லு" என்று தோளைப் பிடித்து உலுக்கினாள். பிள்ளை காத்தாயியின் முகத்தைப் பார்த்தது. காத்தாயி தலையைக் குனிந்துகொண்டாள். இரண்டு பேருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. அதுவரை கடித்த பல்லை நான் விட்டேன்.

"கையை எடுங்க. அந்தப் புள்ளை எப்படிக் கூப்பிடுமோ அப்படியே கூப்பிடட்டும். அதுக்குத்தான் அவ ஏழு வருஷமா பதில் சொல்லிட்டு இருந்தா."

கிழவி கையை எடுத்தாள். கமலம் குனிந்து, மெதுவாக, "கப்பலம்மா" என்றாள். பதில் வரவில்லை. வராது என்பது அப்போதுதான் அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும். பிறகு அவள் கத்தி அழுத அழுகையில் ராஜா கதை சொன்னவர்கள் எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். காத்தாயி அவளை மடியில் அள்ளிக்கொண்டு, தானும் அதே பேரைச் சொல்லி அழுதாள்.

அஞ்சலையின் வெள்ளைப் புடவைகளைக் காத்தாயி எனக்குக் கொடுத்தாள். நான் வாங்கிக்கொள்ளவில்லை. அவளிடமிருந்து எனக்கு வேண்டியதை நான் வேறு விதமாக எடுத்துக்கொண்டுவிட்டேன். துரைசானியிடம் விடுப்பு கேட்டாயிற்று, நாகப்பட்டினம் கப்பலுக்குச் சீட்டும் வாங்கியாயிற்று. என் மகன் துறைக்கு வருவானோ, மாட்டானோ. வந்தாலும் அக்காளுக்குப் பக்கத்தில்தான் நிற்பான். "வாங்க சின்னம்மா" என்பான். என்ன ராசா என்று இந்தத் தடவை கேட்டுவிடுவேன்.