பேபியின் சனிக்கிழமை வேலை

நாங்கள் புலம்பெயர்ந்து வந்த மல்வேர்னில், சுவரோடு சுவர் ஒட்டிய எங்கள் ரவுண்ஹவுஸ் வரிசையின் கடைசி வீடு பேபியுடையது. மகன் நிதுசன் வளர்ந்த ஆம்பிளை. ஆறடி உயரம், வாய்ப்பேச்சு கிடையாது. கொஞ்சம் கண் தப்பினால் கதவைத் திறந்துகொண்டு பஸ்ஸுக்குப் பின்னால் ஓடிவிடுவான். ஆகவே அவன் பிறந்த நாள் தொட்டு பேபி கண்ணை மூடியதில்லை. மிகைப்படுத்துகிறேன் என்பவர்கள் வந்து அவளுடைய கண்ணுக்குக் கீழே தொங்கும் பையைப் பார்க்கலாம். ஒரு கிலோ பச்சைமிளகாய் தாராளமாகப் பிடிக்கும்.

போன மாரியில் ஒரு நிறுவனம் அவள்மேல் இரக்கப்பட்டது. சனிக்கிழமைப் பின்னேரங்களில் ஒரு பெண் வந்து நிதுசனைப் பார்த்துக்கொள்வாள், தாய் அந்த நேரம் ஓய்வெடுக்கலாம் என்றார்கள். வந்தவள் சீமோன், ட்ரினிடாட்காரி.

யாழ்ப்பாணத்தாள் வீட்டுக்கு ஆள் வந்தால் என்ன நடக்கும்? பேபி விடிய எழும்பி வீட்டைத் துடைத்தாள், இடியப்பம் அவித்தாள், ஆட்டிறைச்சிக் கறி, சொதி, சம்பல், பாயசம் எல்லாம் வைத்தாள். சீமோன் போதும் என்று சொன்ன ஒவ்வொரு தடவையும் அதைக் கூச்சம் என்று எடுத்துக்கொண்டு இன்னும் இரண்டு இடியப்பம் போட்டாள். கடைசியில் சீமோன் சோபாவில் சரிந்து குறட்டை விட்டாள். நிதுசன் போர்வை கொண்டுவந்து போர்த்திவிட்டான். பேபி இருவரையும் காவல் காத்தாள். திட்டப்படி ஓய்வு நடந்தது, ஆள்தான் மாறிவிட்டது.

விழித்த சீமோனுக்குப் பெரிய வெட்கம். இனிச் சாப்பாடு போட்டால் வரவே மாட்டேன், பையனை நான் பஸ்ஸில் ஏற்றிச் சுற்றிக் காட்டுகிறேன், நீ படு என்று கட்டளை போட்டுவிட்டுப் போனாள்.

பேபிக்கு நேரம் கிடைத்த செய்தி மணம்போலப் பரவி யூனியன்வில்லில் இருக்கும் தம்பி பெண்சாதி நிலாணியின் மூக்கில் ஏறியது. அங்கே மகள் பெரியபிள்ளையானதுக்குச் சாமத்தியவீடு. பிள்ளையை ஹெலிகொப்ரரில் இறக்குகிற யோசனை நடந்துகொண்டிருந்தது.

"மச்சாள், சனிக்கிழமை சும்மாதானே இருக்கிறியள்? இஞ்சை வந்து றோல்ஸ் சுத்தினா உங்களுக்கும் ஒரு மாறுதலாய் இருக்கும்."

பேபி போனாள். ஒரு சனி இறைச்சி வைத்துச் சுற்றுகிற றோல்ஸ், மறு சனி பலகாரம், அதற்கடுத்தது பலூன் ஊதல். அது முடிய நிலாணியின் தமக்கைக்குப் புது வீடு குடிபூரல். பேபி சுற்றிய றோல்ஸை அடுக்கினால் நெடுஞ்சாலை வழியே இரண்டரை மணி ஓட்டத்திலுள்ள கிங்ஸ்ரன் வரைக்கும் போகும். ஒருதரம் ஏலாது என்று சொல்லிப் பார்த்தாள். ஏன், படுக்கவோ என்று நிலாணி கேட்டாள். பட்டப்பகலில் படுக்கிற பெண்ணை எங்கள் சனம் மன்னிக்கும்தான். அதற்குக் காய்ச்சல் இருக்கவேண்டும்.

ஒரு வெள்ளிக்கிழமை பேபி குசினிக் கதிரையில் இருந்தபடியே கண்ணயர்ந்துவிட்டாள். விழித்தபோது வாசல் கதவு திறந்து கிடந்தது. நிதுசனை பஸ் தரிப்பில் ஒரு டிரைவர் பிடித்து வைத்திருந்தார். பனிக்குள், வெறுங்காலோடு.

அதற்குப் பிறகு அவள் அழவில்லை, யோசித்தாள். கணவர் இராஜரட்ணமும் சனிக்கிழமைகளில் பக்ரறிக்குப் போகிறார். அவரை ஒருவரும் றோல்ஸ் சுற்றக் கூப்பிட்டதில்லையே. உடனே யூனியன்வில்லுக்குப் போன் எடுத்தாள்.

"நிலாணி, இனி என்னாலை வரேலாது. எனக்குச் சனிக்கிழமையிலை ஷிஃப்ற் கிடைச்சிட்டுது."

நிலாணியின் குரல் எழுந்து நின்று மரியாதை செய்தது. எங்கே, என்ன வேலை என்றுகூடக் கேட்கவில்லை. ஓவர்ரைம் உண்டோ என்று மட்டும் கேட்டாள்.

அன்று தொட்டு, சீமோனும் நிதுசனும் பஸ் ஏறியதும் பேபி கதவைப் பூட்டி, திரைச்சீலையை இழுத்து, போனை அணைத்துவிட்டுத் தன் கட்டிலில் வேலைக்கு இறங்குகிறாள். ஒரு நாளும் பிந்தியதில்லை. அவளுடைய சுவர்தான் எனக்கும் சுவர். அந்தக் குறட்டையில் என் வீட்டுச் சாமிப்படங்கள் நடனம் ஆடுகின்றன.

போன கிழமை கோயிலில் நிலாணி அவளுடைய முகத்தின் தெளிவைக் கண்டுவிட்டு ஓடிவந்து கையைப் பிடித்தாள். நானும் பக்கத்தில் நின்றேன்.

"நல்ல இடம் போலை, மச்சாள். எனக்கும் அங்கை ஒருக்காக் கதைச்சு விடுங்கோவன்."

"கதைக்கலாம். ஆனா எக்ஸ்பீரியன்ஸ் கேப்பினம். முதல்லை ஒரு சனிக்கிழமை நிதுசனோடை நிண்டு பழகுங்கோ, பிறகு கதைக்கிறன்" என்றாள் பேபி.

நிலாணி கையை விட்டாள். சனிக்கிழமைகளில் அவளுக்கும் வேலையாம்.