அக்கா அடித்த முதல் தாள்

எங்கள் ரப்பர் தோட்டத்தைச் சுற்றி முள்கம்பி போட்ட வருஷம்தான் அக்கா டைப்பிங் கற்றுக்கொள்ளத் தொடங்கினாள். காட்டுக்குள் துப்பாக்கியோடு பதுங்கியிருந்தவர்களை ஒடுக்க வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம். மாலையானால் லயத்து வீடுகளை விட்டு யாரும் நகரக் கூடாது. காலையில் வேலைக்குப் போகிறவர்களின் சோற்றுப் பொட்டலத்தைக்கூட, காட்டிலிருப்பவர்களுக்குப் போகிறதோ என்று தோட்டத்துக் கேட்டில் பிரித்துப் பார்ப்பார்கள்.

அப்பா தோட்டத்துப் பால் லாரி ஓட்டினார். சனிக்கிழமைகளில் ரப்பர் பாலோடு அக்காவையும் ஏற்றிக்கொண்டு சிரம்பானுக்குப் போவார். அந்த டவுனில், தெமியாங் பக்கம் ஒரு மளிகைக் கடையின் மாடியில் வகுப்பு. டவுன் பள்ளியில் இங்கிலீஷ் படித்த பெண் மரம் சீவப் போகக் கூடாது என்பது அவர் பிடிவாதம். "பொம்பளப் புள்ள மெஷின் தட்டி என்னா செய்யப் போவுது?" என்று அம்மா கேட்காத வாரம் இல்லை.

வீட்டில் மெஷின் ஏது? ஒரு பலகையில் கரியால் கட்டங்கள் போட்டு, எழுத்துகளை எழுதிப் பழகினாள். விரல்கள் நடுவரிசையில் தத்தம் இடத்தில் உட்கார வேண்டும். எழும்பிப் போன விரல் சொந்த இடத்துக்கே திரும்ப வேண்டும். கண் மட்டும் விரல் பக்கம் போகவே கூடாது. எதைப் பார்த்து அடிக்கிறோமோ அந்தத் தாளிலேயே இருக்க வேண்டும். அவள் குனிகிறாளா என்று கவனிப்பது என் வேலை. குனிந்தால் தலையில் ஒரு குட்டு. அக்காவைக் குட்ட அனுமதி பெற்ற தங்கை அந்த லயத்திலேயே நான் ஒருத்திதான். அவளுடைய இடது சுண்டுவிரல் சொன்னபடி கேட்கவில்லை. அதைப் பழக்க, தண்ணீர் வாளியை அந்த விரலில் மாட்டிக்கொண்டு நடந்தாள். அம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

வகுப்பில்லாத ஒரு நாள், கோலா பிலா சாலையில் அப்பாவின் லாரியைக் காட்டிலிருந்து வந்தவர்கள் மறித்துச் சுட்டார்கள். பிறகு கொளுத்திவிட்டார்கள். அப்பா மூடிய பெட்டியில் வந்தார். திறக்க விடவில்லை. கேட் அடைப்பதற்குள் முடிக்க வேண்டுமென்று, அழக்கூட நேரம் கொடுக்காமல் தூக்கிக்கொண்டு போனார்கள்.

காரியம் முடிந்ததும் தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி வந்தார். "தொர ஆபீஸ்ல டைப்பிங் வேல குடுக்குறாராம். நாளைக்கே வரச் சொல்றாரு லா." அம்மா தலையாட்டினார்.

மறுநாள் மத்தியானம் அக்காவுக்குச் சோறு கொண்டுபோனேன். ஆபீஸ் ஜன்னல் வழியே பார்த்தேன். துரை கையால் எழுதிய தாள் பக்கத்தில் சாய்ந்திருந்தது. அக்கா அதையே பார்த்து அடித்துக்கொண்டிருந்தாள். ஒரு தடவைகூடக் குனியவில்லை. கண்ணீர் வழிந்து தாடைக்கு வந்தபோதும் துடைக்கக் கையை எடுக்கவில்லை. மெஷின் எண்ணெய் நெடி கண்ணுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தேன். எனக்கு ஒரே பெருமை.

வெளியே வந்தவளிடம், "என்னாக்கா அடிச்சே?" என்றேன்.

"லாரி எரிஞ்சுபோனதப் பத்தி. கம்பெனிக்கு அனுப்பணுமாம்."

"நம்ம அப்பா லாரியா?"

"ம்."

"அப்பா நல்லா ஓட்டுவாருன்னு போட்டியா?"

அக்கா சோற்றுப் பாத்திரத்தைத் திறந்தாள், மூடினாள்.

"போட்டேன்" என்றாள்.

அப்படிப்பட்ட தாள்களில் லாரியும் வீணான பாலும்தான் முதலில் வரும், ஓட்டியவர் கடைசியில் பெயரில்லாமல் வருவார் என்று எனக்குத் தெரிய வெகுகாலம் ஆயிற்று. அன்று சாயங்காலம் கேட் அடைக்கும்வரை, "எங்கப்பா நல்லா ஓட்டுவாருன்னு இங்கிலீஷ்லயே அடிச்சிருக்கு" என்று லயத்தில் வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.