எடுத்த காலுக்கும் சேர்த்துச் சாப்பிட்டேன்

1954 ஆனியில் குரங்கணிப் பாதையில் ஜீப்பு உருண்டதில், என் வலது காலைத் தொடையோடு எடுத்துவிட்டார்கள். தையில் டாக்டர் எடை பார்த்தார். சுவரிலிருந்த அட்டவணையோடு ஒப்பிட்டு, "உயரத்துக்கு எடை பத்தாது, நல்லாச் சாப்பிடுங்க" என்றார்.

அக்கா நெய்யும் முட்டையுமாக வைத்தாள். உட்கார்ந்தே கிடந்த எனக்கு வயிறுதான் பெருத்தது. கட்டையை ஊன்றிப் பத்தடி நடந்தாலே மூச்சு வாங்கியது. ஏலத்தோட்டத்து வேலைக்கு இனி மலையேற முடியாதோ என்று பயந்தேன்.

"போதும்க்கா."

"டாக்டரை விட நீ படிச்சிருக்கியாக்கும்? பேசாமத் தின்னுடா."

சித்திரையிலும் டாக்டர், "இன்னும் பத்தாது" என்றார்.

எனக்கு எரிச்சல் வந்தது. "எடுத்த காலையும் சேத்தா பாக்குறீக?" என்று கேட்டேன்.

அவர் அட்டவணையை வெகுநேரம் பார்த்துவிட்டு, "இதுல ரெண்டு கால் உள்ளவங்களுக்குத்தான் போட்டிருக்கு" என்றார்.

இப்போது எங்கே எடை பார்த்தாலும், "ஒரு காலைக் கழிச்சுக்கிட்டுச் சொல்லுங்க" என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.