அளவு ஜாக்கெட்

கல்யாணமாகி ராஜபாளையத்துக்கு வந்தபோது என் பெட்டியில் பன்னிரண்டு ஜாக்கெட் இருந்தன. எல்லாம் ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடிக்குப் பக்கத்தில் கடை வைத்திருந்த பாய் தைத்தவை. கிராஸ் கட், உள்ளே லைனிங், கழுத்தைச் சுற்றி மெல்லிய பைப்பிங். ஒரு கொக்கிகூட வெளியே தெரியாது. பத்தொன்பது வயதில் அவற்றைப் போட்டுக்கொண்டு நடந்தபோது எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் இருந்தது. இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

எண்பதுகளில் எங்கள் பக்கம் டெய்லர்கள் பெண்களுக்கு டேப் வைத்து அளவெடுக்க மாட்டார்கள். சரியாக இருக்கிற பழைய ஜாக்கெட் ஒன்றைக் கொடுக்க வேண்டும். அதற்குப் பெயர் அளவு ஜாக்கெட். அதை விரித்துப் போட்டு, அதேபோல வெட்டித் தைத்துவிடுவார்கள். பன்னிரண்டில் நீல நிற ஜாக்கெட் ஒன்றை அதற்கென்று ஒதுக்கியிருந்தேன்.

இரண்டு பிள்ளை பெற்றேன், பெருத்தேன். முதல் பிள்ளைக்குப் பிறகு உள்தையலில் ஒரு வரிசையைப் பிரித்தேன். இரண்டாவதுக்குப் பிறகு இன்னொரு வரிசை. அதற்கு மேல் பிரிக்கத் துணி இல்லை. இனிமேல் நான் அடித்த கூத்தைச் சொல்ல வேண்டும். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் புதுத் துணி எடுத்து வீட்டுக்காரர் கையில் கொடுத்தனுப்பும்போது, அளவுக்கு அந்த நீல ஜாக்கெட்டையேதான் கொடுத்தேன். பெரிய அளவு கொடுத்தால் பாய்க்குத் தெரிந்துவிடுமே என்று வெட்கம். எப்படியும் அடுத்த மாதம் இளைத்துவிடுவேன் என்று ஒரு நம்பிக்கை வேறு. பாய் மேல் குற்றமே இல்லை. கொடுத்த அளவுக்கு நூல் பிசகாமல் தைத்து அனுப்பினார். ஒன்றுகூட என் தோளைத் தாண்டி இறங்கவில்லை. சந்தையில் வாங்கிய தொளதொள ரெடிமேடைப் போட்டுக்கொண்டு, புதிதையெல்லாம் பெட்டியில் அடுக்கினேன். வீட்டுக்காரர் பஞ்சாலையில் ஃபிட்டர். நூல் மிஷின் தேய்ந்தால் உடனே கண்டுபிடிக்கிற மனுஷன், இதில் மட்டும் வாயைத் திறக்கவில்லை.

நான்கு வருஷம் போனது. பழைய துணிக்கு எவர்சில்வர் போடுகிற பாத்திரக்காரியைக் கூப்பிட்டேன். பெட்டியைக் கிளறிவிட்டு, “ஜாக்கெட்ட யாருக்கா வாங்குவா? அம்புட்டுக்கும் சேத்து ஒரு டம்ளர் தாரேன்” என்றாள். நான் பெட்டியைப் படாரென்று மூடினேன். அவள் கை தப்பியது பெரிய விஷயம்.

அந்தச் சமயத்தில்தான் என் தம்பிக்குக் கல்யாணம் நிச்சயமானது. அவனுக்கு ஒரே அக்கா நான். மாப்பிள்ளை தாலியில் முதல் முடிச்சைப் போட்டதும், மற்ற இரண்டையும் நாத்தனார் போட வேண்டும். என் கல்யாணப் பட்டுச் சேலையையே கட்டிக்கொண்டு முடிச்சுப் போடுவதாக நினைத்திருந்தேன். ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன்.

“ஏட்டி, வீடியோ எடுக்காக. மேடையில நீ கையத் தூக்குனா ஜாக்கெட்டு என்ன கதியாகும்? ஒஞ் சித்தி மவ ஒல்லியா இருக்கா, அவ முடிச்சுப் போடட்டும். நீ பக்கத்துல நின்னாப் போதும்.”

பெற்ற தாய் சொன்னாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டு பிள்ளையைச் சுமந்த உடம்பு, ஒரு துணிக்குப் பயந்து ஓரமாக நிற்க வேண்டுமா?

ராஜபாளையம் திரும்பி, மறுநாளே கல்யாண ஜாக்கெட்டையும் என் நிச்சயதார்த்தத்துக்குத் தைத்த பச்சைப் பட்டு ஜாக்கெட்டையும் பையில் போட்டு பஸ் ஏறினேன். பாய் கடையில் பேன்ட் வாங்க வந்த இரண்டு பேர் காத்திருந்தார்கள்.

“அளவு ஜாக்கெட் எங்க தாயி?”

“நாந்தான் பாய் அளவு. டேப்ப எடுங்க.”

அந்த இரண்டு பேரும் தெருவைப் பார்த்தார்கள். பாய் டேப்பை மேஜையில் என் பக்கமாகத் தள்ளினார். “நீங்களே பிடிச்சுச் சொல்லுங்க. எழுதிக்கிடுதேன்.”

சேலைக்கு மேலேயே சுற்றிப் பிடித்து, “நாப்பது” என்றேன்.

பாய் பென்சிலோடு யோசித்தார். “முப்பத்தெட்டுன்னு போட்டுக்கிடவா?”

மரியாதைக்குக் கேட்கிறார், பாவம். “நாப்பதுன்னா நாப்பதுதான் பாய். மேடையில கிழிஞ்சா ஒங்க தையலத்தான் பேசுவாக.” எழுதிக்கொண்டார்.

கல்யாண ஜாக்கெட் அரக்கு நிறம். சேலையோடு வந்த துணி, இனி வேறெங்கும் கிடைக்காது. பச்சை ஜாக்கெட்டை எடுத்து முன்னால் போட்டேன். “இத வெட்டி, அதுல ரெண்டு பக்கமும் பட்டை வைங்க.”

அவருக்கு மனசு வரவில்லை. “நல்ல சாமான் தாயி. இளைச்சாப் போட்டுக்கிடலாம்லா?”

“நாலு வருசமா நானும் அதத்தான் சொல்லிக்கிட்டிருக்கேன். வெட்டுங்க.”

அவர் அசையவில்லை. டெய்லர் கத்தரியை அடுத்தவர் தொட்டால் அவர்களுக்கு ஆகாது. தெரிந்தேதான் தொட்டேன். பச்சையின் முதுகில் ஒரு வெட்டுப் போட்டதும் பாய் பதறிப்போய்க் கத்தரியை வாங்கிக்கொண்டார். “கோணலா வெட்டாதீக! குடுங்க. கக்கத்துக்குக் கீழ வெளிய தெரியாம வச்சிருதேன்.”

“தெரியணும் பாய். அகலமா வைங்க.”

கல்யாணத்தன்று சித்தி மகள் விளக்குப் பிடித்தாள். நான் முடிச்சுப் போட்டேன். வீடியோக்காரரின் லைட் முகத்தில் அடித்தது. கக்கத்திலிருந்து இடுப்பு வரைக்கும் பச்சைப் பட்டை இரண்டும் பளிச்சென்று தெரியும் என்று எனக்குத் தெரியும். அவசரமே படவில்லை. இரண்டு முடிச்சையும் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் கையை இறக்கினேன். ஒரு தையல் விடவில்லை.

பெட்டியில் இருந்த மற்றதையெல்லாம் பிரித்து மகளுக்குச் சட்டை தைத்தேன். நீல அளவு ஜாக்கெட் அடுப்படியில் பிடிதுணி ஆனது. லைனிங் வைத்ததல்லவா, சூடு நன்றாகவே தாங்கியது.

வீடியோ கேசட் வந்ததும் டெக்கை வாடகைக்கு எடுத்து, அம்மா வீட்டில் எல்லாரும் கூடி உட்கார்ந்து பார்த்தோம். முடிச்சுப் போடும் இடம் வந்தது. நான் கையைத் தூக்கியதும் பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள்.

“ஏலே, அந்த எடத்த ஓட்டி விடு” என்றாள் அம்மா.

தம்பி எழுந்தான். அவனை உட்காரச் சொல்லிவிட்டு நானே டெக்கிடம் போனேன். பின்னால் சுற்றி, தாலி எடுக்கிற இடத்திலிருந்து மறுபடி போட்டேன். சத்தத்தையும் கூட்டினேன்.

“கண்ணத் தொறந்து பாரும்மா. எந் தம்பி பொண்டாட்டிக்கு முடிச்சுப் போட்டது நாந்தான்.”

அம்மா பார்த்தாள்.