‘ஓடு’ என்று சொன்ன பெர்லா

பெர்லா அக்காவுக்கு ஜப்பானிய மொழி எவ்வளவு நன்றாக வருகிறது என்று எங்கள் ஊர்க்காரர்கள் இன்றைக்கும் வியக்கிறார்கள். முப்பது வருஷமாக இந்த வளைகுடாவில் சிப்பி உடைக்கிறவள். இங்கே வாழ்க்கைப்பட்டு, புருஷன் ஒனோதேராவைக் கடலுக்குப் பறிகொடுத்து, அவன் அம்மாவுக்குக் கடைசிவரை கஞ்சி ஊட்டியவள். அவளிடம் போய், "ஐயோ, எவ்வளவு அழகா பேசறீங்க!" என்றால் என்ன அர்த்தம்? நீ இன்னும் விருந்தாளிதான் என்று அர்த்தம். கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நானும் அவளைப் போலப் பிலிப்பைன்ஸிலிருந்து வந்தவள்தான். கொட்டகையில் அவளுக்குப் பக்கத்தில் நின்று கத்தி பிடிக்கிறேன்.

சின்னதாக நிலம் ஆடினால் நாங்கள் யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டோம். "இது மூணு" என்பாள் ஒருத்தி. "போடி, ரெண்டுதான்" என்பாள் இன்னொருத்தி. போனில் வரும் நிலநடுக்க அளவைப் பார்த்து, தோற்றவள் காபி வாங்கித் தர வேண்டும். பெரிதாக ஆடினால் மட்டும் அக்கா கத்தியைத் தூர எறிவாள். நிலைச்சட்டம் கோணிக் கதவு சிக்கிக்கொள்வதற்குள் ஓடிப்போய்த் திறந்து வைப்பாள். அப்புறம் எங்களை எண்ணுவாள். யாரும் அவளுக்குக் கொடுத்த வேலையில்லை அது.

போன இலையுதிர் காலத்தில் அப்படி ஒரு பெரிய ஆட்டம். ஊர் ஒலிபெருக்கி உடனே பேசியது. "தகதாய் ஏ..." என்று தொடங்கி, தயவுசெய்து இடம்பெயருமாறு பணிவோடு கேட்டுக்கொண்டது. ‘தகதாய் ஏ’ என்றால் மேட்டு நிலத்துக்கு. கடையிலோ கொட்டகையிலோ வாயில் வராத சொல் அது. ‘தகதா இயே’ என்றால் தகதாவின் வீடு. மலையில் மோதித் திரும்பும் அந்த இரைச்சலில் இரண்டும் ஒன்றாகத்தான் கேட்கும். தகதா எங்கள் மேஸ்திரி. அவர் வீடு படகுத்துறையை ஒட்டி இருக்கிறது.

துயென் வியட்நாமிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். அன்றைக்கு அவளுக்கு விடுமுறை, தங்குமிடத்தில் தனியாக இருந்தாள். எல்லாரையும் மேஸ்திரி வீட்டில் கூடும்படி சொல்கிறார்கள் என்று நினைத்து, நேரே கடலைப் பார்த்து ஓடினாள். மேஸ்திரியோ எங்களோடு மலைமேல் நின்று சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார். பூட்டிய கதவை அவள் தட்டிக்கொண்டே நின்றாள். மேலே தலை எண்ணிய அக்கா, ஒன்று குறைகிறது என்று தெரிந்ததும் தடுத்தவர்கள் கையை உதறிவிட்டுக் கீழே ஓடினாள். வந்த அலை இடுப்பளவுதான். ஆனால் அது உருட்டிக்கொண்டு வந்த மரக்கட்டை துயெனின் முழங்காலை நொறுக்கிவிட்டது. அக்கா அவளைத் தோளில் போட்டு இழுத்து வந்தாள். கம்பெனி அவளை ஊன்றுகோலோடு விமானம் ஏற்றிவிட்டது.

ஊர்க் கூட்டத்தில் அக்கா இந்தக் கதையைச் சொன்னபோது தகதா சிரித்தார். "பொண்ணுங்க என் வீட்டைத் தேடி வந்தா நான் என்னய்யா பண்றது?" கூடமே சிரித்தது. எனக்கு அவர் முகத்தில் தேநீரை ஊற்றலாம்போல இருந்தது.

அக்கா சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தாள். "தலைவரே, ‘ஓடு, மலைக்கு ஓடு’ன்னு சொல்லுங்க. அது போதும். மேஸ்திரி எங்களைத் திட்டறப்போ மொத நாளே நாங்க கத்துக்கற பாஷை அதுதான்."

ஊர்த்தலைவர் குமகாய் பல்லிடுக்கில் காற்றை இழுத்தார். "ஒனோதேரா வீட்டம்மா, ஊர்ல பெரியவங்க இருக்காங்க. நாயை விரட்டற மாதிரி ‘ஓடு’ன்னா எப்படி? நீங்க நல்லாத்தான் பேசறீங்க. ஆனா மரியாதைன்னு ஒண்ணு இருக்கே... கொஞ்சம் கஷ்டம்தான்."

எங்கள் ஊரில் ‘கொஞ்சம் கஷ்டம்’ என்றால் முடியாது என்று பொருள். அதோடு பேச்சு முடிந்தது.

வசந்தத்தில் மறுபடி ஆடியது. சமூகக் கூடத்தைப் பெருக்கும் முறை அன்றைக்கு அக்காவுக்கும் எனக்கும். அலமாரி சாய்ந்தது, கோப்பைகள் நொறுங்கின. ஆட்டம் நிற்பதற்குள் குமகாய் ஓடிவந்து, கூடத்தை ஒட்டிய அறையில் ஊர் ஒலிவாங்கிமுன் உட்கார்ந்தார். தொண்டையைச் செருமினார். "மதிப்பிற்குரிய நம் பகுதி மக்களுக்கு ஒரு அறிவிப்பு..." என்று ஆரம்பித்தார்.

அக்கா அவரை நாற்காலியோடு தள்ளினாள்.

"ஓடு! மலைக்கு ஓடு! அடுப்பைப் பாக்காதே, கடலைப் பாக்காதே! ஓடுடா! எல்லாரும் ஓடு!"

குரல் கிழிந்து ஊர் முழுக்கக் கேட்டது. அப்படி ஒரு ஓட்டத்தை இந்த ஊர் கண்டதில்லை. சும்மா ஆடினால் தேநீர்க் குடுவையை மூடிவைத்துவிட்டு உட்காரும் கிழவர்கள்கூட வெறுங்காலோடு ஏறினார்கள். கடல் அன்று துறையைத் தாண்டி வந்து திரும்பியது. ஒருவருக்கும் கீறல்கூட இல்லை.

நன்றி சொன்னார்களா? கூட்டம் போட்டார்கள். வெளிநாட்டுக்காரி பெரியவர்களை ‘டா’ போட்டாள் என்று புகார். மன்னிப்புக் கேட்க வேண்டுமாம். உயிரோடு உட்கார்ந்து, சூடாகத் தேநீர் குடித்துக்கொண்டு இதைச் சொன்னார்கள்!

அக்கா எழுந்தாள். இடுப்பு வளைய வணங்கினாள். பிறகு நிமிர்ந்து சொன்னாள்: "அடுத்த தடவையும் ‘ஓடு’ன்னுதான் சொல்வேன். மரியாதை வேணுங்கறவங்க வீட்லயே இருங்க. காரியத்தன்னிக்கு உங்க படத்துக்கு முன்னாடி வந்து உக்காந்து, ‘தயவுசெய்து’ன்னு சொல்லிட்டுப் போறேன்."

மறுநாள் ஒலிவாங்கி அறைக்குப் பூட்டுப் போட்டார்கள். சாவி குமகாயிடம். கொட்டகையில் நான் ஆத்திரத்தில் விரலை வெட்டிக்கொண்டேன். "உன் விரல் என்னடி பண்ணுச்சு, விடு" என்று அக்கா துணியைக் கிழித்துக் கட்டிவிட்டாள்.

மழைக்காலத்தின் முதல் வாரத்தில், நாங்கள் வேலை முடித்துத் தெருவில் நடந்து வரும்போது, அடுத்த ஆட்டம் வந்தது. கூரை ஓடுகள் சரிந்தன. ஒலிபெருக்கி கரகரத்தது. பூட்டைத் திறந்து உள்ளே போயிருந்த குமகாய் தொண்டையைச் செருமுவது கேட்டது. "மதிப்பிற்குரிய..."

அக்கா வாயைத் திறப்பதற்குள் மேலத்தெருவிலிருந்து ஒரு பெண்குரல் கிளம்பியது. "ஓடு! மலைக்கு ஓடு! அடுப்பைப் பாக்காதே!" அடுத்த வீட்டில் இன்னொன்று. பிறகு தெரு முழுக்க வாசலுக்கு வாசல் ஒரே கத்தல். அத்தனையும் இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவர்களின் குரல்கள்.

முதலில் கத்தியது யார் என்று மலையேறும்போதுதான் பார்த்தேன். காலில் செருப்பில்லாமல், பக்கத்து வீட்டுப் பெரியவரின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, "ஓடுய்யா!" என்று அவரை விரட்டியபடி ஏறிக்கொண்டிருந்தாள் குமகாயின் மனைவி. கீழே அவள் புருஷன் இன்னும் ‘தயவுசெய்து’வுக்கு வந்து சேரவில்லை.